மலை எத்தனை பேரைத் தாங்கும்?

உல்லாசக் கப்பல்கள் பெருகப் பெருக, அவற்றை வரவேற்ற நகரங்களே இன்று வாசலை அடைக்கின்றன. 2021 ஆகஸ்டில் இத்தாலிய அரசாங்கம் வெனிஸ் நகரின் நடுவே செல்லும் கால்வாயில் பெருங்கப்பல்கள் நுழைவதைத் தடை செய்தது. நம் மலைநாட்டுக்குக் கப்பல் வராது, கூட்டம் வரும். 2024இல் இலங்கைக்கு வந்த உல்லாசப் பிரயாணிகள் 20 இலட்சத்துக்கும் மேல். சித்திரை பிறந்தாலோ உள்ளூர் மக்களும் நுவரெலியாவில் திரள்கின்றனர்.

இதனால் கொழிப்பவர் யார்? ஹட்டனுக்கு அப்பால், காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில், வெள்ளைத் துரைமாரின் பங்களாக்கள் விருந்தினர் மாளிகைகளாகிவிட்டன. அங்கே ஓர் இரவுக்குச் செலுத்தும் பணம், 2024இல் நாளொன்றுக்கு 1,350 ரூபாயென நிர்ணயிக்கப்பட்ட அடிப்படைச் சம்பளத்துக்குக் கொழுந்து பறித்துவந்த பெண்ணின் பல மாத ஊதியம். அவள் குடியிருப்பதோ பாட்டன் காலத்து லயன் அறையில். விளம்பரப் படத்துக்கு அவளுடைய சிரிப்பு வேண்டும். இலாபத்தில் அவளுக்குப் பங்கு வேண்டாம்!

2025 நவம்பரில் டித்வா புயல் இம்மலைகளைச் சரித்தது. வீடுகளும் உயிர்களும் மண்ணுள் புதைந்தன. மலைநாட்டுப் புகையிரதப் பாதை அறுந்தது. அதைக் கண்ட பின்னரும் சரிவுகளை வெட்டி விடுதி எழுப்ப அனுமதிப்பது ஆட்சியன்று, அறிவீனம்.

அரசாங்கத்தை நாம் கேட்பது இதுதான்: தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாயமெனக் குறித்த சரிவுகளில் எந்த விடுதிக்கும் அனுமதி வழங்கற்க. அங்குள்ள லயன்களில் வாழ்வோருக்கு, விருந்தினருக்கு இடம் தேடுமுன், உறுதியான நிலத்தில் காணியும் வீடும் வழங்குக. வருவோர் தொகையைப் பெருக்கும் பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.