நம்ம ஆளுங்க அப்படித்தானா?

பிள்ளைக்காம்பராவின் உத்தரத்தில் தராசு தொங்கும். காற்சட்டை மாதிரித் தைத்த துணிக்குள் இரண்டு காலையும் நுழைத்து மாட்டியதும் பிள்ளை உதறி அழும். முள் ஓரிடத்தில் நிற்காது. மிட்வைஃப் அம்மா அது அடங்குகிற ஒரு நொடிக்காகக் காத்திருந்து எண்ணைப் பார்ப்பார். பிறகு கிளினிக் கொப்பியைத் திறந்து ஒரு புள்ளி வைப்பார். பச்சைப் பட்டையில் விழவேண்டிய புள்ளி செம்மஞ்சளில் விழுந்திருக்கும். தாய் எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வாள்: "அவங்க அப்பனும் இப்படித்தாங்கம்மா. நம்ம ஆளுங்களே அப்படித்தான்."

யட்டியாந்தோட்டைப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். இந்தப் பேச்சை லயத்து வாசலிலும் கேட்டிருக்கிறேன், பெரட்டுக்களத்திலும் கேட்டிருக்கிறேன். ஒருமுறை ஒரு கிளினிக்கில், படித்தவர் ஒருவர் என் தங்கையைப் பார்த்து, "தோட்டத்துப் பிள்ளைகள் இந்த அளவுதான் இருக்கும், பயப்பட வேண்டாம்" என்று சொல்லிக் கொப்பியை மூடிக் கொடுத்தார். அம்மா நிம்மதியாக வெளியே வந்தார். அந்த நிம்மதிதான் இன்றுவரை என்னை அறுக்கிறது. அன்றைக்கு அம்மா பயந்திருக்க வேண்டும், கேள்வி கேட்டிருக்க வேண்டும். பரம்பரை என்ற ஒரு சொல் அவர் வாயை அடைத்துவிட்டது.

அந்தச் சொல் பொய். 2006-07இல் இலங்கையில் எடுத்த குடித்தொகை, சுகாதார அளவீட்டில், தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 40.2 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தார்கள். 2016இல் அதே அளவீடு, அதே அளவுகோல்: 31.7 சதவீதம். பத்து வருசத்தில் யாருடைய இரத்தமும் மாறவில்லை. அதே ஊர், அதே குடும்பங்கள், அதே முப்பாட்டன்மார். மாறியது வேறு ஏதோ. இன்னும் கிராமப்புறத்தின் 17 சதவீதத்துக்குப் பக்கத்தில்கூட நாம் வரவில்லை. ஆனால் பரம்பரை என்பது உண்மையானால் அந்த 40 அசைந்தே இருக்கக்கூடாது.

"அந்தக் கோடெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைக்குப் போட்டது" என்றும் சொல்கிறார்கள். கொப்பியில் இருக்கிற கோடு எங்கிருந்து வந்தது என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. உலக சுகாதார அமைப்பு 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் பிள்ளைகளை அளந்தது: பிரேசில், கானா, நோர்வே, ஓமான், அமெரிக்கா, இந்தியா. இந்தியப் பிள்ளைகள் தெற்கு டெல்லியைச் சேர்ந்தவர்கள். தாய்ப்பால் குடித்த, வீட்டில் குறைவில்லாத பிள்ளைகளாகப் பார்த்து எடுத்தார்கள். அவர்களுடைய நீளத்தில் இருந்த வித்தியாசத்தில் நாட்டுக்கு நாடு வந்தது 3 சதவீதந்தான். ஒரே ஊருக்குள் பிள்ளைக்குப் பிள்ளை இருந்த வித்தியாசம் 70 சதவீதம். கருவிலிருக்கும் பிள்ளைகளை எட்டு நாடுகளில் அளந்த ஆய்வு 2014இல் வெளியானது. அதில் நாக்பூரும் இருந்தது, ஒக்ஸ்போர்டும் இருந்தது. நல்ல சாப்பாடும் நல்ல கவனிப்பும் உள்ள தாயின் வயிற்றில் எலும்பு வளரும் விதம் ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான்.

இந்த நம்பிக்கைக்குப் பெரிய ஆட்களின் துணையும் உண்டு. பொருளியலாளர் அரவிந்த் பனகாரியா 2013இல், இந்தியப் பிள்ளைகள் பிறப்பிலேயே சற்றுக் குட்டை, ஊட்டக்குறைவுக் கணக்கு மிகைப்படுத்தப்படுகிறது என்று வாதிட்டார். ஆங்கஸ் டீட்டன், ஜான் திரேஸ் போன்றவர்கள் மறுத்து எழுதினார்கள். எனக்கு அந்த வாதத்தில் பிடிபடாதது இதுதான்: வசதி வந்த வீட்டிலும் ஒரு தலைமுறைக்குள் உயரம் முழுதாக வருவதில்லை என்பதை ஜீனுக்குச் சாட்சியாக வைக்கிறார்கள். குட்டையாக வளர்ந்த பெண்ணுக்கு இடுப்பும் கர்ப்பப்பையும் சிறுத்துத்தான் இருக்கும். அவள் பிள்ளை சிறிதாகப் பிறக்கும் வாய்ப்பு அதிகம். அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வந்தது அவள் சின்ன வயதில் பட்டினி கிடந்ததன் விளைவு. அதைக் கழிக்க இரண்டு மூன்று தலைமுறை ஆகலாம். கழியாது என்று யார் சொன்னது? தென் கொரியப் பெண்களின் சராசரி உயரம் ஒரு நூற்றாண்டில் சுமார் 20 சென்டிமீட்டர் கூடியது.

ஜீனுக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2022இல் 54 லட்சம் பேரின் மரபணுவைப் பார்த்து, உயரத்தோடு தொடர்புள்ள 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களைக் கண்டுபிடித்தார்கள். ஒரே அடுப்பில் சாப்பிடுகிற அண்ணன் நெட்டை, தம்பி குட்டை ஏன் என்று கேட்டால் அங்கே பதில் இருக்கிறது. ஒரு லயம் முழுக்கக் குட்டை ஏன் என்று கேட்டால் அங்கே இல்லை.

தோட்டக்காரனுக்கு இது தெரியாததா? ஒரு தேயிலைத் தாய்ச்செடியிலிருந்து வெட்டிய ஓரிலைக் குச்சிகளைப் பொலித்தீன் பையில் நட்டு வளர்க்கிறோம். எல்லாம் ஒரே ஜீன், அச்சுப் பிசகாமல். ஒரு மலையில் செடி கருகருவென்று எழும்புகிறது, இன்னொரு மலையில் முழங்காலுக்கு மேல் வரமாட்டேன் என்கிறது. அப்போது எந்தத் துரையாவது "இந்தச் செடியின் பரம்பரையே இப்படி" என்று கணக்கை மூடுகிறாரா? மண்ணை எடுத்துச் சோதிக்கிறார். டொலமைட் போடுகிறார், உரம் போடுகிறார், நிழல் மரம் பார்க்கிறார். தேயிலைச் செடிக்குக் கிடைக்கிற அந்த நியாயம், அதில் கொழுந்து எடுக்கிற பெண்ணின் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை.

அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று பாருங்கள். விடிய முன்னம் கோதுமை மா ரொட்டி, சம்பல், சாயத்தண்ணி. மலையில் மறுபடி அதே ரொட்டி, மறுபடி சாயத்தண்ணி. சாப்பாட்டோடு குடிக்கிற தேயிலைச் சாயம், சாப்பாட்டில் இருக்கிற கொஞ்ச நஞ்ச இரும்புச் சத்தையும் உடம்பில் சேரவிடாது. புனேக்கு அருகே ஆறு கிராமங்களில் டொக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவருடைய குழுவினரும் கர்ப்பிணிகளின் சாப்பாட்டைக் கணக்கெடுத்தார்கள். அங்கே பிள்ளைகளின் சராசரிப் பிறப்பு நிறை சுமார் 2.7 கிலோ. வயிறு நிறையச் சாப்பிடுகிற அளவு பிள்ளையின் நிறையை அவ்வளவாகக் கூட்டவில்லை. கீரை, பழம், பால் அடிக்கடி சாப்பிட்டவர்களுக்குத்தான் பெரிய பிள்ளை பிறந்தது. ரொட்டியை இரண்டு மூன்றாக்கினால் போதாது என்று அர்த்தம்.

அடுத்து மும்பைச் சேரிகளில் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2014இல் வந்தது. கீரை, பழம், பால் சேர்த்த சிற்றுண்டியைப் பெண்களுக்குத் தினமும் கொடுத்தார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பிறப்பு நிறையில் வித்தியாசமில்லை. கருத்தரிக்கக் குறைந்தது மூன்று மாதம் முன்பிருந்தே சாப்பிட்டு வந்தவர்களுக்கு மட்டும் பிள்ளையின் நிறை சராசரியாக 48 கிராம் கூடியது. சின்னக் கணக்குத்தான். ஆனால் எந்த நேரத்தில் கொடுக்க வேண்டும் என்பதை அது காட்டுகிறது. நாம் வயிறு தெரிந்த பிறகுதான் திரிபோஷா சத்துமா பக்கெட்டைக் கொடுக்கிறோம். அந்தப் பக்கெட்டும் அவள் வாய்க்குப் போகாமல் வீட்டில் இருக்கிற எல்லாப் பிள்ளைக்கும் உருண்டையாகிறது. பசித்த பிள்ளையின் முன்னால் அவள் தனியாகச் சாப்பிடுவாளா?

எங்கள் சப்ரகமுவ மாகாணத்தின் கதை இன்னும் ஒருபடி மோசம். தோட்டம் என்றால் எல்லோருக்கும் நுவரெலியாதான் ஞாபகம் வரும். தெரணியகலையிலும் தெஹியோவிட்டவிலும் இறக்குவானையிலும் காவத்தையிலும் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிற லயங்கள் எந்தக் கணக்கிலும் தனியாகத் தெரிவதில்லை. ரப்பரில் மழை பெய்தால் பட்டை நனைந்துவிடும், பால் வெட்ட முடியாது, பேர் விழாது, அன்றைக்குக் கூலி இல்லை. இங்கே மழைக்குக் குறைவில்லை. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. வெட்டாத நாளுக்கு நாட்சம்பளம் எங்கே இருக்கிறது? மழை மாதங்களில் கர்ப்பமாக இருக்கிறவளின் தட்டில் முட்டை எங்கிருந்து வரும்?

பரம்பரை என்று சொல்லிவிட்டால் இந்தக் கேள்விகளுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கம்பனி சொல்ல வேண்டாம், அமைச்சு சொல்ல வேண்டாம். தொழிற்சங்க மேடைகளில் சம்பளம் பேசக் கேட்டிருக்கிறேன், பிள்ளையின் உயரம் பேசி நான் கேட்டதே இல்லை. எங்கள் ஆட்களோ ஒருபடி மேலே போய், "பிள்ளை சின்னதா இருந்தா சுகப்பிரசவம்" என்று வயிற்றுப்பிள்ளைக்காரியின் சோற்றையே குறைக்கிறார்கள். சிறிதாகப் பிறந்த பிள்ளைக்குப் பின்னாளில் சீனி வருத்தமும் இருதய வருத்தமும் வரும் ஆபத்து அதிகம் என்பதை அந்த மாமியாருக்கு யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

பிள்ளைக்காம்பராவில் ஒரு முட்டையும் ஒரு கப் பாலும், கலியாணம் முடிந்த மாதத்திலிருந்தே பெண்ணுக்குக் கீரையும் பருப்பும் பழமும், மழைக்கு நின்ற நாளுக்கு ஏதாவது ஒரு கூலி, கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களுக்கென்று தனிக் கணக்கு: இவற்றைக் கேட்க வேண்டும். அடுத்த முறை புள்ளி செம்மஞ்சளில் விழும்போது, அப்பனின் உயரத்தை யாரும் விசாரிக்க வேண்டாம். அந்த வீட்டில் நேற்று ராத்திரி என்ன சமைத்தார்கள், அதில் தாய்க்கு எவ்வளவு மிஞ்சியது என்று கேட்டு, அதையும் அந்தக் கொப்பியிலேயே எழுதுங்கள்.