ஐந்து நிமிட நடையும் கத்ரா?

"வாப்பாக்கும் சீனி வருத்தம், எனக்கும் வந்திட்டு, கத்ர்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். பரம்பரை ஒரு காரணம்தான். ஆனால் ஐந்து நிமிட நடைதூரத்திலுள்ள பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் போவதும், இஷாவுக்குப் பிறகு கொத்தும், பிளேன்டிக்கு மூன்று கரண்டி சீனியும் கத்ரா? குளிசை தரும் டொக்டர் நமக்காக நடக்கமாட்டார்.

வளர்ந்தோருக்கு வாரம் 150 நிமிடம், பிள்ளைகளுக்கு தினமும் 60 நிமிடம் உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாமோ இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பிள்ளைகளை உச்சி வெயிலில் ஓடவிட்டு, தசை பிடித்தால் "பலமில்லை" என்கிறோம். பயிற்சி மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது; ஓய்வும் தூக்கமும் அதில் அடக்கம்.

உடல் அமானிதம். பெண்கள் நடக்க மைதானத்தில் நேரம் ஒதுக்குவோம். இந்த ஜும்ஆவுக்கு நடந்தே போவோம்.