முதல் டர்ன்டேபிள்: இரண்டு மலிவானவற்றினும் ஒன்று நல்லது

இசைத்தட்டுகளைக் கொண்டு டிஜே கலை பழக விரும்பும் மாணவர்களுக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் அறிவுரை, "மலிவாக இரண்டு டர்ன்டேபிளும் ஒரு மிக்சரும் வாங்கித் தொடங்குங்கள்" என்பது. இதை நான் மறுக்கிறேன். கையில் பணம் குறைவாக உள்ளவர் தரமான டர்ன்டேபிள் ஒன்றையும் எளிய மிக்சர் ஒன்றையும் வாங்குவதே முறை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் உதவித்தொகை பெறாத முனைவர் பட்ட மாணவருக்கு மாதம் கிடைப்பது 8,000 ரூபாய். அதில் மிச்சம் பிடித்து வாங்கும் கருவி பயன்படாமற்போனால், மறுமுறை வாங்க வழியில்லை.

டர்ன்டேபிளின் உயிர் அதன் மோட்டார். மலிவான கருவிகளில் ஒரு ரப்பர் பெல்ட் தட்டைச் சுழற்றுகிறது. பாட்டுக் கேட்க அது போதும். ஆனால் தட்டைக் கையால் நிறுத்தி, பின்னிழுத்து, தாளம் பார்த்து விடுவிப்பவருக்குப் போதாது. பெல்ட் நழுவும், வேகம் மீளத் தாமதமாகும். தட்டை மோட்டாரின் அச்சே சுழற்றும் நேரடி இயக்க முறையில் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வெளிவந்தது 1972இல். வேகத்தை 8 விழுக்காடு வரை கூட்டிக் குறைக்கும் நகர்த்துகோல் 1979இல் அதன் மார்க் 2 வடிவில் அமைந்தது. இந்த இரண்டு கூறுகளும் இல்லாத கருவி எவ்வளவு மலிவாயினும் டிஜே பயிற்சிக்கு வீண் செலவே.

எங்கள் பாலாற்றின் ஒரு புறம் கொளத்தூர், மேட்டூர். மறுபுறம் மாதேசுவரன் மலை. மலைக்கு இரு மாநிலத்து அடியார்களும் வருகின்றனர். இங்கே பாட்டுப் போடுபவர் தமிழ்ப் பாட்டிலிருந்து கன்னடப் பாட்டுக்குத் தாளம் தப்பாமல் கடக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். 1970களின் திரைப்பாடல்களை வாத்தியக் குழுவினர் நேரில் வாசித்துப் பதிவு செய்தனர். இயந்திரத் தாளம்போல வேகம் ஒரே சீராக நில்லாது. பாட்டு நெடுகிலும் விரலால் வேகத்தைத் திருத்திக்கொண்டே செல்ல வேண்டும். மேலும், தட்டின் வேகத்தை ஏறத்தாழ 6 விழுக்காடு கூட்டினால் சுருதி அரைச்சுரம் உயர்ந்துவிடும். தாளம் சேரும் இடத்தில் சுருதி விலகக்கூடும் என்பதைக் காதுதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஒரு டர்ன்டேபிள் போதுமா? தொடக்கத்தில் போதும். ஒரு பாட்டைக் கைபேசியிலிருந்து மிக்சரில் ஓடவிட்டு, தட்டிலுள்ள பாட்டை அதனுடன் சேர்த்துப் பழகலாம். வேலை முழுவதும் தட்டின்மேல் இருக்கும் கைக்கே. இரண்டாவது டர்ன்டேபிளைப் பணம் சேர்ந்தபின் வாங்கலாம்.

மிக்சரில் மூன்றை மட்டும் பாருங்கள்: ஃபோனோ உள்ளீடு, ஹெட்போனில் முன்கூட்டிக் கேட்கும் வசதி, கிராஸ்ஃபேடர். ஊசி தரும் மின்குறிப்பு சில மில்லிவோல்ட்டே. அதைப் பெருக்கிச் சீர்செய்வது ஃபோனோ பகுதி. மைக் செட் கடைகளில் கிடைக்கும் மேடை மிக்சர்களில் பெரும்பாலும் அது இராது. எதிரொலி முதலிய விளைவுகளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

மொழியியல் மாணவர்களுக்கு மட்டும் ஒன்று. 78 சுழற்சி வேகமும் உள்ள கருவியைத் தேடுங்கள். கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவாய்வுக்காக 1913 முதல் 1929 வரை எடுக்கப்பட்ட பேச்சுப் பதிவுகள் கிராமபோன் தட்டுகளில் அமைந்தவை. தமிழும் அவற்றில் உண்டு. பழைய பாட்டும் நாடகமும் அத்தகைய அரக்குத் தட்டுகளிலேயே வந்தன. அவற்றின் பள்ளம் அகலமானது. தனி ஊசி வேண்டும். டிஜே ஊசியை அவற்றில் வைக்கலாகாது.

கணினியுடன் இணையும் கன்ட்ரோலர் இவை எல்லாவற்றினும் மலிவாயிற்றே என்பர். உண்மைதான். திருமண மேடையில் பாட்டுப் போட்டுப் பொருளீட்ட விரும்புவோர் அதையே வாங்கட்டும். ஆனால் கணினியில் ஏறாத தமிழ்த் தட்டுகள் பரண்களிலும் பழைய பொருள் கடைகளிலும் கிடக்கின்றன. தட்டை ஓட்டத் தெரிந்த கை ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஒன்றேனும் இருந்தால், அவற்றுள் சிலவாவது மீண்டும் ஒலிக்கும். அந்தக் கைக்கு வேண்டியது நல்ல மோட்டார் ஒன்று.