பாஸ் அவுட்னா மயங்கி விழணுமா?

போன வாரம் அடுக்கத்துக்குப் போயிருந்தேன். பெரியகுளத்துலேர்ந்து கும்பக்கரை வழியா கொடைக்கானல் ஏறுற மலைப்பாதையில இருக்கே, அதே அடுக்கம்தான். சித்தி பையன் இன்ஜினியரிங் முடிச்சுட்டு வேலை தேடிட்டு இருக்கான்.

"அண்ணே, இன்டர்வியூல 'ஐ பாஸ்டு அவுட் இன் மே'ன்னு சொன்னேன். 'யாராவது தண்ணி தெளிச்சாங்களா?'ன்னு கேட்டுச் சிரிச்சாங்கண்ணே. அப்புறம் எனக்கு வாயே வரல"ன்னான்.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

சிரிச்ச மேதாவிக்குத் தெரிஞ்சது பாதிதான். 'பாஸ் அவுட்'னா மயங்கி விழறது, வாஸ்தவம். பயிற்சி முடிச்சு வெளியே வர்றதுக்கும் அதே சொல்தான். பிரிட்டிஷ் ராணுவத்துலேர்ந்து வந்த வழக்கம். நம்ம பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலயும் டேராடூனிலயும் இன்னிக்கும் நடக்கிறது 'பாஸிங் அவுட் பரேடு'தான். அங்க யாரும் தண்ணி தெளிக்கிறதில்ல :-) அதை நாம காலேஜுக்கும் நீட்டிக்கிட்டோம். அமெரிக்கர்களுக்கு இந்த அர்த்தம் அவ்வளவா பழக்கமில்ல, அவங்ககிட்ட 'கிராஜுவேட்டட்'னு சொல்லிட்டா குழப்பம் தீர்ந்தது. இது ஆள் பார்த்துப் பேசுற விஷயம். அறிவை அளக்கிற படி இல்ல.

அடுத்த கோவம், சொல்லிக்குடுக்கிற லட்சணத்து மேல. புட் ஆஃப், புட் அவுட், புட் அப் வித்னு ஒரு நீள லிஸ்ட்டை நீட்டி மனப்பாடம் பண்ணுங்கிறாங்க. 'தமிழை மறந்துட்டு இங்கிலீஷ்ல யோசி'ன்னு அறிவுரை வேற. ஏன் மறக்கணும்? 'தம்பியைப் பாரு' வேற, 'தம்பியைப் பார்த்துக்கோ' வேற. 'லுக் அட்', 'லுக் ஆஃப்டர்' வித்தியாசமும் அதேதான். வினையோட ஒரு குட்டிச் சொல் ஒட்டினா அர்த்தமே மாறும்ங்கிறது அடுக்கத்துல பேசப் பழகுற குழந்தைக்கே தெரியும். அங்கேர்ந்து ஆரம்பிச்சா, எந்தச் சொல் எதோட ஒட்டும்னு மட்டும் பழகினாப் போதும். பயம் போயிடும்.

இன்டர்வியூ எடுக்கிற மக்களே, பையன் புரோகிராம் எழுதுவானான்னு பாருங்க. பீட்டர் விடத் தெரியலன்னு சிரிக்காதீங்க. உங்களுக்கு அது ரெண்டு நிமிஷ ஜோக். அவன் அதுக்கப்புறம் தெரிஞ்ச பதிலைக்கூடச் சொல்லாம மலையேறி வந்துட்டான்.

டிஸ்கி: ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு புதுப் பையன்கிட்ட நானும் இதே மாதிரி சிரிச்சிருக்கேன். இந்தப் பதிவுல திட்டினதுல பாதி எனக்கு.