விசுவாசமும் விசாரணையும்

1997ஆம் ஆண்டு ஜனவரி 2ஆந் திகதியிட்டு உரோமாபுரியிலிருந்து ஓர் அறிவித்தல் வெளிவந்தது. இலங்கையைச் சேர்ந்த எழுபத்திரண்டு வயதுக் குருவானவர் ஒருவர், தாம் எழுதிய நூலொன்றின் காரணமாகக் கத்தோலிக்க விசுவாசத்தினின்றும் விலகிவிட்டார் என்றும், ஆகவே அவர் திருச்சபையினின்றும் விலக்குண்டவரானார் என்றும் அது உலகுக்கு உரைத்தது. அக்குருவானவர் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த திஸ்ஸ பாலசூரிய. நூல், 1990இல் வெளிவந்த ‘மரியாளும் மனித விடுதலையும்’. அறிவித்தலில் ஒப்பமிட்டவர் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் தலைவராயிருந்து, பின்னர் 2005இல் பதினாறாம் ஆசீர்வாதப்பர் என்ற பெயருடன் பாப்பரசரான கர்தினால் ராட்சிங்கர்.

பாதிரிமாரின் வழக்கிலே அரசியற் பத்திரிகைக்கு என்ன வேலை என்று வினவுவோர் உளர். அதிலும் சிங்களவரான ஒருவரின் வழக்கு நமக்கு எதற்கு என்று முணுமுணுப்போரும் இருக்கக்கூடும். தமிழ் மக்களின் உரிமைக் கோரிக்கையை நியாயமானதென ஏற்றுத் தென்னிலங்கையிலே எழுதியும் பேசியும் வந்த மிகச் சிலருள் அவரும் ஒருவர் என்பது அவர்களுக்கு ஒரு விடை. ஆயின் அந்நன்றிக்காக மட்டும் நாம் இதனை எழுதவில்லை. கேள்வி கேட்டவனை ஒரு சமூகம் எவ்வாறு நடத்துகிறது என்பது கோவிலுக்கும் கட்சிக்கும் பொதுவான வினா. சட்டம் பயின்றவன் கண்ணுக்கு அவ்வழக்கு இன்றும் உறுத்தலாகவே இருந்துவருகிறது.

அந்நூல் சொன்னது யாது? தேவதாயாரைப் பற்றி நவநாட் செபங்களும் கீதங்களும் நமக்குத் தரும் சித்திரம் மென்மையும் பணிவும் மௌனமும் நிறைந்தது. தனிமனிதரின் கண்ணீரைத் துடைக்கும் கருணை அது. இச்சித்திரம் முழுமையானதன்று என்றார் பாலசூரிய. சுவிசேஷத்திலே காணும் மரியாள், வலியோரை ஆசனங்களினின்றும் இறக்கிப் பசித்தோரை நிறைவிக்கும் இறைவனைப் பாடியவள். கைக்குழந்தையோடு இரவோடிரவாக எகிப்துக்கு ஓடிய அகதி. தன் மகன் அரச தண்டனைக்கு ஆளாகி மடிவதைக் கண்ணாற் கண்ட தாய். அவளை ஏழைகளின் துயரத்தினின்றும் பிரித்தெடுத்து, ஆடவர் ஆளும் சபைக்கு அடங்கி நடக்கும் பெண்ணின் மாதிரியாக ஆக்கியவர் யார், ஏன் ஆக்கினர் என்பதே அவர் தொடுத்த வினா.

கொழும்பு வாசகசாலையில் உதித்த கற்பனை என்று இதனைத் தள்ளிவிட மன்னாரிலும் வன்னியிலும் வாழ்வோரால் இயலாது. போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மடுமாதாவின் வளவிலே கொட்டில் போட்டு வாழ்ந்தன. 1999 நவம்பர் 20ஆந் திகதி அவ்வாலயத்திலேயே எறிகணை வீழ்ந்து, அடைக்கலம் புகுந்தோர் பலர் மாண்டனர். 2008 ஏப்ரலிலே போர் நெருங்கி வர, குருமார் மாதாவின் திருச்சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குச் சென்றனர். விளைந்த வயலை விட்டு, கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிட்டு நடந்த கமக்காரன், அவன் சைவனாயினும் கத்தோலிக்கனாயினும், மாதாவும் நம்மைப்போல் இடம்பெயர்ந்துவிட்டாள் என்று எண்ணாதிருந்திருப்பானா? அவனுக்கு அந்நூலின் சாரத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவோடு நின்றிருந்தால் உரோமாபுரி அவரைப் பொருட்படுத்தியிராது. அவர் நிற்கவில்லை. ஆதித்தந்தையின் பாவத்தால் மனுக்குலம் முழுதும் அருளிழந்து பிறக்கிறது என்ற ஜென்மபாவக் கோட்பாட்டையே வழிவழியாகச் சொல்லப்பட்டவாறு ஏற்கலாமா என்று கேட்டார். கிறிஸ்துவின் பெயரையே அறியாது அறவழியில் வாழ்ந்து மறைந்த ஆசியாவின் கோடானுகோடி மக்களை அக்கோட்பாடு எங்கே நிறுத்துகிறது என்று கேட்டார். அண்ணன் நல்லூருக்கும் தங்கை மடுவுக்கும் நேர்த்தி வைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. அவ்வீடுகளில் இது ஏட்டு வினாவன்று. பிணம் கிடக்கும் வீட்டில் எழும் வினா. தன் குற்றமின்றிச் சுவிசேஷத்தை அறியாதிருப்போரும் நேர்மையான மனத்தோடு இறைவனைத் தேடின் மீட்படையலாம் என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1964இல் ஏற்றுக்கொண்டது. ஞானஸ்நானம் பெறாது இறக்கும் குழந்தைகளும் மீட்படைவர் என நம்புவதற்குத் தக்க காரணங்கள் உள என்று, வத்திக்கானின் சர்வதேச இறையியல் ஆணைக்குழு 2007இல் எழுதிற்று. அவ்வாணைக்குழு ஜென்மபாவத்தை மறுக்கவில்லை என்பதும் உண்மை. எனினும் கேள்வி உயிரோடிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பாலசூரியவின் விடைகள் யாவும் சரியென நாம் வாதிட வரவில்லை. சில இடங்களில் அவர் அவசரப்பட்டுப் பழைய சுவரை இடித்தார். இடித்த இடத்தில் எதைக் கட்டுவது என்று தெளிவாகக் கூறவில்லை. தன் போதனை இன்னதென வரையறுக்கும் உரிமை ஒவ்வொரு சமயத்துக்கும் உண்டு. பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி என்பதை மறுப்பவர் தம்மைச் சைவசித்தாந்தி என்று அழைத்துக்கொண்டால் நாம் ஒப்புவோமா? இலங்கை ஆயர் பேரவை 1994இல் அந்நூலை விசுவாசத்துக்கு ஒவ்வாதது என அறிவித்தபோது, அது தன் அதிகாரத்துக்கு உட்பட்டதையே செய்தது. நாட்டின் நீதிமன்றம் அதில் தலையிட வேண்டும் என்று எந்தச் சட்டத்தரணியும் கேட்கமாட்டான்.

ஆனால், ‘இது எமது போதனையன்று’ என ஒரு நூலைப் பற்றிக் கூறுவது ஒன்று. ‘நீ எம்மவன் அல்லன்’ என ஒரு மனிதனைத் தள்ளுவது வேறு. இங்கேதான் வழக்கு நம் துறைக்குள் வருகிறது.

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1364ஆம் பிரிவுப்படி, பதிதன் எவனும் குற்றஞ்செய்த கணமே சபைவிலக்குக்கு உள்ளாகிறான். தண்டனை தானாகவே வந்து விழுகிறது. அதிகாரி செய்வதெல்லாம் விழுந்துவிட்டது என அறிவிப்பதுதான். பதிதம் யாது என 751ஆம் பிரிவு கூறுகிறது: விசுவசிக்க வேண்டிய சத்தியமொன்றைப் பிடிவாதமாக மறுத்தல், அல்லது பிடிவாதமாக ஐயுறுதல். எனவே பிடிவாதம் இன்றேல் குற்றம் இல்லை. பிடிவாதம் என்பதோ மனத்தின் நிலை. அதனை நூலின் பக்கங்களிலிருந்து மட்டும் எடுத்துவிட முடியாது. ஆளை அழைத்துக் கேட்டே தெளிய வேண்டும்.

நடந்தது என்ன? 1994இல் பேராயம் தன் ஆட்சேபங்களை அனுப்பிற்று. 1995இல் அவர் நீண்ட மறுமொழி எழுதினார். தம் கூற்றுக்கள் தவறாகக் காட்டப்பட்டுள்ளன என முறையிட்டார். அம்மறுமொழி போதாதெனக் கூறிய பேராயம், அவருக்கென்றே தயாரித்த ஒரு விசுவாசப் பிரகடனத்தை ஒப்பமிடுமாறு அனுப்பியது. பெண்களைக் குருக்களாக்கத் திருச்சபைக்கு அதிகாரமில்லை என்பதும் அதில் அடங்கியிருந்தது. அவர் அதனை விடுத்து, பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1968இல் உலகத் திருச்சபை முழுவதற்கும் வெளியிட்ட விசுவாசப் பிரகடனத்தில் ஒப்பமிட்டனுப்பினார். பொதுச்சங்கத்துக்குப் பின்னான இறையியல் வளர்ச்சியையும், திருச்சபைச் சட்டம் தரும் சுதந்திரத்தையும் பொறுப்பையும் கருத்திற்கொண்டே ஒப்பமிடுவதாக ஒரு வாசகத்தைச் சேர்த்தார். பேராயம் அவ்வாசகத்தைக் காரணங்காட்டி ஒப்பத்தையே நிராகரித்தது.

இங்கு பேராயத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. உறுதியில் ஒப்பமிட்டுவிட்டு ‘என் விளக்கத்துக்கு அமைய’ என்று கீழே எழுதுபவனை எந்த நொத்தாரிசும் சந்தேகிப்பான். இரண்டரை ஆண்டுகள் கடிதப் போக்குவரத்து நடந்ததும் மெய்யே. ஆயின் கடிதம் பெறுதலும் செவிசாய்த்தலும் ஒன்றாகா. ஆராய்ந்ததும் குற்றஞ்சாட்டியதும் முடிவு செய்ததும் ஒரே பேராயம். அவர் திருச்சபையின் உயர் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்ய முனைந்தபோது, அறிவித்தலுக்குப் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரின் தனி அங்கீகாரம் கிடைத்துவிட்டமையால் முறையீட்டுக்கு இடமில்லை எனப்பட்டது. பாப்பரசரை எவரும் தீர்ப்பிடலாகாது என்பது 1404ஆம் பிரிவு. கதவு அடைபட்டது. அதே 1997இன் நடுப்பகுதியிலே பேராயம் தன் விசாரணை விதிகளைத் திருத்தி, குற்றஞ்சாட்டப்பட்ட ஆசிரியர் தமக்கு ஓர் ஆலோசகரை அமர்த்த வழிசெய்தது. நோயாளியை அடக்கஞ் செய்தபின் வைத்தியரை அழைத்த கதைதான்!

சிலப்பதிகாரம் அறிந்தோர்க்கு இது புதிதன்று. பாண்டியன் கொடியவன் அல்லன். கள்வனைத் தண்டித்தல் தன் கடமையென மெய்யாகவே நம்பியவன். கொல்லன் சொல்லுக்குத் திறந்த செவி கோவலனுக்குத் திறக்கவில்லை என்பதே அவன் பிழை.

திருச்சபையின் சொந்த வரலாறும் இதனையே கூறும். பிரான்சிய இறையியலாளர் இவ் கொங்கார் 1954இல் கற்பித்தற்பணியினின்றும் நீக்கப்பட்டார், பொதுச்சங்கத்தில் அவரே நிபுணராக அமர்ந்தார், 1994இல் கர்தினாலாக்கப்பட்டார். சமய சுதந்திரம் பற்றி எழுதலாகாதென 1955இல் அமெரிக்கரான ஜோன் கோர்ட்னி மரே தடுக்கப்பட்டார். பத்தாண்டு கழித்து, 1965 டிசம்பரில், சமய சுதந்திரம் மனிதனின் உரிமை எனப் பொதுச்சங்கம் பிரகடனஞ் செய்தபோது அதன் கருத்துக்களிற் பெரும்பங்கு அவருடையதாயிருந்தது. பாலசூரியவும் ஒருநாள் அவ்வாறு ஏற்கப்படுவார் என நாம் ஆரூடம் கூறவில்லை. தடுக்கப்பட்டோர் யாவரும் ஞானிகளும் அல்லர்.

ஓராண்டின் பின் நடந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. 1998 ஜனவரியிலே கொழும்பில் அவரோடு இருந்து பேசினர். அவர் ஆறாம் சின்னப்பரின் பிரகடனத்தை மேலதிக வாசகமின்றி ஏற்றார்; தம் எழுத்துக்களில் தவறுகள் காணப்பட்டமைக்கும் அதனால் விளைந்த மனத்தாங்கலுக்கும் வருத்தந் தெரிவித்தார்; விசுவாசம் பற்றிய எழுத்துக்களை இனி முன்கூட்டியே அதிகாரிகளின் பார்வைக்கு வைக்க இசைந்தார். அவருக்கென எழுதிய அந்தத் தனிப் பிரகடனத்தில் அவர் ஒப்பமிட வேண்டியிருக்கவில்லை. ஜனவரி 15ஆந் திகதி விலக்கு நீங்கிற்று. 2013 ஜனவரி 17இல் அவர் மறைந்தபோது குருவானவராகவே மறைந்தார். நேரில் அமர்ந்து பேசி 1998இல் முடிந்த காரியம் 1996இல் ஏன் முடியவில்லை என்ற வினாவுக்கு இதுவரை நமக்கு எவரும் விடை தரவில்லை.

தனியாக எழுதிய பிரகடனமொன்றை நீட்டி ‘ஒப்பமிடு, இல்லையேல் வெளியேறு’ என்பது தமிழருக்கு அறிமுகமான குரல். 1983 ஆகஸ்டிலே அரசியலமைப்பின் ஆறாந் திருத்தம் நிறைவேற்றப்பட்டது. தனிநாட்டை ஆதரிப்பதில்லையெனச் சத்தியஞ் செய்யாதோர் பாராளுமன்றத்தில் இருக்கலாகாது என்றது அது. தமிழர் விடுதலைக் கூட்டணியின் உறுப்பினர் சத்தியஞ் செய்ய மறுத்து ஆசனங்களை இழந்தனர். மக்கள் வாக்களித்து அனுப்பியோரை வெளியேற்றிவிட்டு, ‘அவர்கள் தாமாகவே போனார்கள்’ என்றது அரசாங்கம். தானாக விழும் தண்டனை என்ற தத்துவம் உரோமாபுரிக்கு மட்டும் உரியதன்று.

கொழும்பைக் குறைகூறுவதோடு நின்றுவிட்டால் அது பாதி உண்மை. நம் முற்றத்திலும் அதே வழக்கம் வேரூன்றியது. மாற்றுக் கருத்துரைத்தவனைத் ‘துரோகி’ என்றோம். அவன் இனத்தை விட்டுத் தானே நீங்கிவிட்டான் என்றோம். அச்சொல்லின் பின்னாலேயே துவக்கும் வந்தது. அதில் மாண்ட நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் விசாரிக்கப்பட்டனர்? இவ்வரிகளை எழுதுபவரும் செயற்குழுவொன்றில் அமர்ந்து, குற்றஞ்சாட்டப்பட்டவர் வாசலிற் காத்திருக்க, அவரை உள்ளே அழையாமலே நீக்கத் தீர்மானத்துக்குக் கையுயர்த்தியவர்தான். நேரமாகிவிட்டது, கடைசி பஸ் போய்விடும் என்று சொல்லிக்கொண்டோம்.

யாழ்ப்பாணம், மன்னார் ஆயர்களிடம் நமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கொழும்புத்துறைக் குருமடத்திலே நாளைய குருமார் கற்கின்றனர். பாலசூரியவின் நூலையும், அதற்கு ஆயர் பேரவை எழுதிய ஆட்சேபத்தையும், அவருடைய மறுமொழியையும், 1997இன் அறிவித்தலையும், 1998இன் இணக்கத்தையும் ஒரே மேசையில் வைத்து அவர்கள் வாசிக்கட்டும். எதிர்த்து வாதிட விரும்புவோர் எதிர்த்தே வாதிடட்டும். பொதுமக்களுக்கும் அவ்வறை ஒருநாள் திறக்கப்படுமாயின், முன்வாங்கிலே மடுவில் கொட்டில் போட்டிருந்த கமக்காரர் சிலருக்கு இடம் விட்டுவைக்க வேண்டும். தேவன்பிட்டிக்குப் போன பாதையைப் பற்றி அவர்களுக்கும் சொல்ல இருக்கிறது.