றெய்கி நூல் வாங்குமுன்

றெய்கி கற்க எந்த நூலை வாங்கலாம் என்று நண்பரொருவர் கேட்டிருந்தார். நான் முதலில் வரலாற்று அத்தியாயத்தையே புரட்டுவேன். பத்திரிகைத் தொழிலின் பழக்கதோஷம். 1922இல் இம்முறையைத் தொடங்கிய யப்பானியர் மிக்காவோ உசுயி கிறிஸ்தவப் போதகர், சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பயின்றவர் என்றிருந்தால் மூடிவைத்துவிடுவேன். ஹவாயோ தகாத்தா மேற்குலகில் பரப்பிய கதை அது. தேடிப்பார்த்தவர்களுக்கு அப்பல்கலைக்கழகப் பதிவேடுகளில் உசுயியின் பெயர் கிடைக்கவில்லை. 1927இல் மாணவர்கள் எழுப்பிய நினைவுக்கல்லோ தோக்கியோவில் பௌத்த ஆலயமொன்றின் மயானத்தில் நிற்கிறது.

கதையைச் சரிபார்க்காதவர் சிகிச்சையை மட்டும் சரிபார்த்திருப்பாரா? கைகளினூடே பாய்வதாகச் சொல்லப்படும் சக்தியை எந்த ஆய்வும் நிறுவவில்லை. மன அமைதி கிட்டலாம், மறுக்கவில்லை. ஆனால், மருந்தை நிறுத்தலாம் என்று ஒரு வரி இருந்தாலும் அந்நூல் வேண்டாம். நண்பர் நாள்தோறும் இன்சுலின் ஏற்றிக்கொள்பவர்.