உழைப்பவருக்கு உடற்பயிற்சி எதற்கு?

கேள்வி: நாள் முழுக்க வயலில் உழைக்கிறேன். ஆனாலும் உர மூட்டையைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார்கள். எனக்கு அது தேவையா?

பதில்: தேவைதான். நானும் உங்களைப் போல நினைத்து, ஒருமுறை மூட்டை தூக்கி ஒரு வாரம் படுத்தவன். உடம்பு, பழகிய பாரத்துக்குத்தான் தயாராக இருக்கும். குனிந்து களையெடுத்தே பழகிய இடுப்பில் திடீரென 45 கிலோ யூரியா மூட்டை இறங்கினால் தாங்காது.

பயிருக்கு உரத்தைப் பிரித்துத்தானே இடுகிறோம்? பாரத்தையும் அப்படியே கூட்டுங்கள். பிடிப்பு முழுதும் விட்டபின், வாரம் 2 நாள், நாற்காலியில் 10 முறை உட்கார்ந்து எழுங்கள். திண்ணையில் கையூன்றித் தண்டால் எடுங்கள். சுலபமானதும் 5 லிட்டர் தண்ணீர் கேனைப் பிடித்தபடி உட்கார்ந்து எழுங்கள். பிறகு 10 லிட்டர். இடையில் ஓரிரு நாள் ஓய்வு கட்டாயம். தசை தேறுவது அப்போதுதான். நடவு, அறுவடை நாட்களில் பயிற்சி வேண்டாம். பயறு, நிலக்கடலை, முட்டை சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூட்டையைத் தூக்கும்போது முழங்காலை மடக்கி, உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். இன்னொருவரைக் கைகொடுக்கச் சொல்வதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ பயிற்சி வேண்டாம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.